பதிலின் வாயைப் பொத்தினேன்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பாய் விரித்தால் பதினோரு பெண்கள் உட்காரலாம். பன்னிரண்டாவது ஆள் வந்தால் அரிசி மூட்டையை நகர்த்த வேண்டும். பொங்கல் கழிந்த மூன்றாம் வெள்ளியோ நாலாம் வெள்ளியோ, அன்றைக்கு மூட்டையை நகர்த்தியிருந்தோம்.

காலையிலிருந்து ஒருவரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் என் வீட்டுக்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். ஜெபம் அவருக்காகத்தான். ஆடியில் வாதம் அடித்தது. அதிலிருந்து ஆறு மாதமாக அவர் வாயில் ஒரு வார்த்தை இல்லை.

நான் கட்டிலை ஒட்டி முழங்காலில் நின்று, மற்றவர்களை நடத்தி ஜெபித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கப்படி ஒருவர் நடத்த, மற்ற எல்லோரும் தங்கள் தங்கள் வாயால் சத்தமாகவே வேண்டிக்கொள்வார்கள். எல்லோருக்கும் கண் மூடியிருக்கும். அறை இரைந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகல் என்று சொல்ல முடியாது. நீளமாக, இழுவையாக, ஏறி இறங்குகிற சத்தம். போன இரண்டு வெள்ளியும் போலவே என் ஜெபத்துக்குக் குறுக்கே வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி அவர் வாயைப் பொத்தினேன். பொத்திக்கொண்டே, “ஸ்வாமி, இவர் நாவைத் திறந்தருளும்!” என்று குரலைக் கூட்டினேன்.

“யக்கா! கைய எடுங்க யக்கா!”

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். ஜெபத்துக்கு வந்த யாருடைய குரலும் இல்லை.

அதற்குள் போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். எனக்கு நேராகச் சொல்லிப் பழக்கமில்லை என்பது பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

டைம்கீப்பர்

என் வீட்டுக்காரர் பெயர் ஞானமணி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. மணியண்ணாச்சி என்றால் டீக்கடை நாய்க்கும் தெரியும். தனியார் பஸ்களுக்கு டைம்கீப்பராக இருந்தவர். கையில் நோட்டு, கழுத்தில் விசில், காதில் பென்சில். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை.

ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றுவது அவர் வேலை இல்லை. அது கண்டக்டர் வேலை. ஆனால் இவருக்கு அதில்தான் ஆசை. திருநெல்வேலி வண்டி உறுமத் தொடங்கியதும் இவர் படிக்கட்டுப் பக்கம் போய் நின்று, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு கூப்பிடுவார். பனவடலிசத்திரத்தை இழுத்து, தேவர்குளத்தை வெட்டி, மானூரில் இறங்கி, கடைசியில் “ஜங்ஷன் ஜங்ஷன் ஜங்ஷன்” என்று மூன்று தட்டு. பவர்லூம் தறிச் சத்தத்தைத் தாண்டி எங்கள் தெருவரை கேட்கும்.

எனக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். கல்யாணத்துக்கு முன்னால், இவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிற ஆள் யார் என்று பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். முதுகுதான் தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் அம்மா, “மாப்பிள ஊமையோ?” என்று பயந்தாள். “அந்தக் குரல எனக்குத் தெரியும், நீ பேசாம இரி” என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகும் தினம் பத்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். டீ குடிப்பார். நாலு வண்டிக்குக் கூப்பிடுவார். திரும்பி வருவார். ஆடித் தபசுக் கூட்டத்தில் ஸ்பெஷல் பஸ் விடுகிற நாட்களில் வீட்டுக்கே வர மாட்டார். “ஏங்க, அது வேற சாமி திருவிழால்லா, ஒங்களுக்கு என்ன சோலி?” என்று கேட்டால், “ஊருக்குப் போற சனம் எல்லாச் சாமிக்கும் சொந்தந்தான், பேசாம சோத்தப் போடு” என்பார்.

துண்டு நழுவிய காலை

அந்த ஆடியில் தபசு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் பல் விளக்கிவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டு கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். உயிர் தங்கியது. வலது கால் பைய வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது. தண்ணீர் வேண்டும் என்றால் உதடு துடிக்கும், கண் கலங்கும், “ப்பா, ப்பா” என்று மட்டும் வரும். நாள் பூராவும் பேசி வாழ்ந்த மனிதர். ஒரு மாதம் முயன்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். தட்டை நீட்டினால் இரண்டு கவளம். அதற்கு மேல் வாயை இறுக்கிக்கொள்வார்.

என் மகள் ஸ்டெல்லா திருவேங்கடத்தில் டீச்சர். தினம் பஸ்ஸில் போய் வருகிறவள். ஒருநாள் சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்து நின்றாள்.

“எம்மா, அப்பா கண்ணப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்பா போறதுக்கு ரெடி ஆயிட்டாகம்மா. பேச்சு வராட்டி அவுக இருக்க மாட்டாக.”

அவள் சொன்னது எனக்கு முன்பே தெரியும். அவள் வாயால் கேட்டதும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் ஜெபிக்கப் படித்த விதம்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இந்தப் பக்கத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லாதான் எழுதுகிறாள். ஆனால் ஜெபத்தில் என்னை அடிக்க இந்தச் சேகரத்துச் சபைகள் எதிலும் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை ஒரு வேதபாட அம்மா நடந்தே வருவார். வெள்ளைச் சேலை, கருப்புக் குடை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, “கண்ண மூடுங்க, இப்ப ஒவ்வொருத்தரும் ஆண்டவர்ட்ட ஒரு காரியம் கேளுங்க, வாய்விட்டுக் கேக்கணும்” என்பார். மற்ற பிள்ளைகள் பென்சில் கேட்டார்கள், பாவாடை கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன், மூடவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் “ஆமென்” போட்டு நிறுத்தினார்.

அன்றிலிருந்து வளர்ந்தது. யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை, யாருக்குப் பெண் அமையவில்லை என்றாலும் “கனியக்காளக் கூப்பிடு” என்பார்கள். நான் போவேன். முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து ஜெபித்தது கிடையாது.

ஆண்டவர் பதில் கொடுக்கிற அழகைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வருஷம் அசனப் பண்டிகை. சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். கோயில் மைதானத்தில் பத்து அண்டாவில் சோறு வெந்துகொண்டிருக்கிறது, கறி கொதிக்கிறது, மேலே பந்தல் இல்லை. மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, “இன்றைக்கு மழை வேண்டாம் ஆண்டவரே” என்று மன்றாடுகிறேன். நாலடி தள்ளி ஒருவர் நிற்கிறார். எங்கள் சபைக் கமிட்டியார், கரிசல் காட்டில் பருத்தி போட்டவர். அவர் வாயும் அசைகிறது. போய்க் காதைக் கொடுத்தேன். “கர்த்தாவே, இன்னைக்காவது ஊத்தும்” என்கிறார்!

“அண்ணாச்சி, ஆண்டவரக் கொழப்பாதிய!” என்று சத்தம் போட்டேன்.

“ஒங்க கறிய விட எம் பருத்தி பெருசும்மா” என்றார் அவர்.

கடைசிப் பந்தி எழுந்து இலை எடுக்கிற வரை ஒரு துளி இல்லை. அண்டாவைக் கவிழ்த்த பிறகு கொட்டிய மழை, மறுநாள் காலைவரை நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் பதில். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது.

கேட்டுக் கிடைக்காததும் உண்டு. ஸ்டெல்லாவுக்கு முன்னால் எனக்கு ஒரு ஆண்பிள்ளை. மூன்று நாள் இராப்பகலாக முழங்காலில் நின்றேன். தங்கவில்லை. ஏன் என்று ஆண்டவரிடம் பல வருஷம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அழுகிற என்னை விட்டு அவர் ஒருநாளும் எழுந்து போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது.

“நீங்க பேசாதீங்கம்மா”

ஆகையால் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போனபோது, ஊர் என்னைத்தான் பார்த்தது. குழாயடியில் ஒருத்தி நேராகவே கேட்டாள்: “ஊருக்கெல்லாம் ஜெபிக்கியளே யக்கா, ஒங்க வீட்டு வாசலுக்கு மட்டும் ஆண்டவருக்கு வழி தெரியலையோ?”

“தெரியும்ட்டி. ஒன் வாயத் தாண்டி வரணும்லா, அதான் நேரமாவுது” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். சொல்லிக் கொடுக்கிற டாக்டரம்மா சின்ன வயது. என் வீட்டுக்காரரிடம் ஒரு படத்தைக் காட்டி, “ஐயா, இது என்ன?” என்பார். அவர் உதடு அசையும். நான், “பசு!” என்பேன். அடுத்த படம். அவர் முயல்வார். நான், “சாவி, இது தெரியலையா ஒங்களுக்கு, சாவி!” என்பேன்.

டாக்டரம்மா படங்களை மேசையில் வைத்துவிட்டார். “நீங்க பேசாதீங்கம்மா. அவங்களுக்கு நேரம் குடுங்க. முதல் ஆறேழு மாசம் ரொம்ப முக்கியம். அதுக்குப் பிறகு வர்றது கொஞ்சம் கஷ்டம்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஏறினதும் ஸ்டெல்லாவிடம், “நான் பேசாம இருந்தா அவருக்குப் பேச்சு வந்துருமாம், என்ன படிச்சிருக்கா இவ?” என்றேன். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் அவர் என் கையைப் பிடித்தார். என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், வாயை மூடு என்றுதான் பிடித்திருப்பார்.

ஆறு மாதம் என்று சொன்னதும் நான் எண்ணத் தொடங்கினேன். ஆடி, ஆவணி, புரட்டாசி. மார்கழி கழிந்து தை பிறந்தது. சபைப் பெண்களைக் கூப்பிட்டு வெள்ளிதோறும் எங்கள் வீட்டிலேயே உபவாச ஜெபம் என்று வைத்தேன்.

கண் திறந்திருந்தவள்

இப்போது வாசலுக்கு வருகிறேன்.

வாசலில் நின்றவள் மரகதம். கோமதியம்மன் பக்தை. எங்கள் தெருக் கடைசி வீடு. பஸ் ஸ்டாண்டில் வண்டி வண்டியாக ஏறி இறங்கி வெள்ளரிப்பிஞ்சு விற்பாள். தை மாதம் என்றால் பனங்கிழங்கு. இருபது வருஷமாக அதே இடத்தில் விற்கிறவள். அன்றைக்கு அவித்த கிழங்கில் ஒரு கட்டு இவருக்குக் கொடுக்க வந்திருக்கிறாள். ஜெபம் நடக்கிறதே என்று கூடையை இடுப்பில் வைத்தபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருக்கிறாள். அந்த வீட்டில் அந்த நேரம் கண் திறந்திருந்தது இரண்டே பேருக்கு. அவளுக்கும் என் வீட்டுக்காரருக்கும்.

நான் கண்ணைத் திறந்தேன். “ஏட்டி மரகதம், ஜெபத்துல என்ன சத்தம்?”

“சத்தம் இருக்கட்டும், கைய எடுங்க மொதல்ல!”

“அவுக வலியில மொனங்குதாக. இவுக எல்லாம் ஜெபிக்காக...”

பாயில் இருந்த சாராள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “வலி இல்ல யக்கா, ஆவியானவர் எறங்கி அண்ணன் அந்நிய பாஷை பேசுதாக போல. போன வாரமே எனக்குத் தோணுச்சி” என்றாள். இரண்டு பேர் “ஸ்தோத்திரம்” என்றார்கள்.

மரகதம் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள். “அந்நிய பாஷையும் இல்ல, அசலூர் பாஷையும் இல்ல. அண்ணாச்சி திருநவேலி வண்டிக்கு ஆள் கூப்பிடுதாக! இருவது வருசமா கேட்ட எனக்குத் தெரியாதா?”

என் கை தானாக இறங்கியது.

பாயில் ஜெபம் நின்றுவிட்டது. அவர் எங்களைப் பார்த்தார். அறை அமைதியானதும் அவருக்கும் வாய் அடைத்துவிட்டது. உதடு நடுங்குகிறது, ஒன்றும் வரவில்லை. கிடைத்ததை நானே கெடுத்துவிட்டேனோ?

“சத்தம் போடுங்க!” என்று மரகதம்தான் கத்தினாள். “நீங்க பேசாம இருந்தா அது பஸ் ஸ்டாண்டா? ஜெபிங்க, சத்தமா ஜெபிங்க!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் வாய்விட்டு வேண்டினால் அது பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்தான். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் இவருக்குக் குரல் எழும்பியிருக்கிறது. போன வாரமும் எழும்பியது, அதற்கு முந்தின வாரமும். மூன்று வெள்ளியாக ஆண்டவர் பதில் அனுப்பியிருக்கிறார். மூன்று வெள்ளியாக நான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

பெண்கள் தொடங்கினார்கள். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்கள். எங்கள் சபையில் அது வரை நடக்காத காரியம். ஒருத்தி அழுதுகொண்டு, ஒருத்தி கை தட்டிக்கொண்டு. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

இடது கை மெதுவாக எழுந்து காதுக்குப் போனது.

“பன...வடலீ... சத்ரம்...”

குழறலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

“தேவர்...கொளம். மானூர்...”

“சொல்லுங்க அண்ணாச்சி, பொறவு?” என்றாள் மரகதம்.

“ஜங்சன்! ஜங்சன்! ஜங்சன்!”

“ஏறியாச்சி அண்ணாச்சி, ரைட்!” என்று மரகதம் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணித்தான் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. அந்த நேரம் அவர் முகத்துக்குப் பக்கத்தில் என் கையைக் கொண்டுபோக எனக்குப் பயமாக இருந்தது.

உபவாசத்தை மரகதத்தின் பனங்கிழங்கில்தான் முடித்தோம். என் வீட்டுக்காரர் இரண்டு கிழங்கு தின்றார். ஆறு மாதத்தில் அவர் கையை நீட்டி இரண்டாவது கேட்டது அன்றைக்குத்தான்.

ராகத்தில் கேட்ட தண்ணீர்

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்ததை ஸ்டெல்லா சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

“பேச்சு தலைக்குள்ள ஒரு பக்கம் இருக்கும்மா. ராகமா, பழக்கமா சொல்றது இன்னொரு பக்கத்துலயும் இருக்கும். அடிபட்டது பேச்சுப் பக்கம். ராகத்தப் பிடிச்சே வார்த்தைய வெளிய கொண்டு வரலாம். சில பேருக்குப் பாட்டுல வரும். இவங்களுக்கு பஸ்!”

ஒரு தலைக்குள் இரண்டு அறை கட்டி, ஒன்று பூட்டிக்கொண்டால் மற்றதன் வழியாக வரட்டும் என்று முன்பே யோசித்து வைத்தவரை நான் என்னவென்று சொல்வேன்! நான் முன்வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்வாசலைத் திறந்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அந்த டாக்டரம்மாவை நான் திட்டியதையும் சேர்த்துத்தான் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டாக்டரம்மாவிடமும் கேட்டேன். “பரவாயில்லம்மா, நிறைய பேர் திட்டுவாங்க” என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் பஸ் ராகம்தான். “தண்ணீ... வேணும்... வேணும் வேணும் வேணும்!” என்று மூன்று தட்டு. “ஃபேன... போடு... போடு போடு போடு!” வருகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா காலையில் கிளம்பும்போது, “திரு...வேங்கடம்!” என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்.

ஆனால் ராகம் இல்லாமல் ஒரு சொல் வரவில்லை. கூப்பிடுவதெல்லாம் வந்தது. பேசுவது வரவில்லை. தினமும் மாலையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அவர் ஏதோ சொல்ல வருவது போல என்னைப் பார்ப்பார். நான் காத்திருப்பேன். முக்கால் மணி நேரம் ஜெபித்த எனக்கு, முக்கால் மணி நேரம் சும்மா இருப்பது எத்தனை கடினம் என்று யாருக்கும் சொல்லி விளங்காது. இருட்டினதும் எழுந்து விளக்கைப் போடுவேன்.

கோயிலில்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நோன்பு நாள், லெந்து. அதில் ஒரு ஞாயிறு. கைத்தடியோடு அவர் நடந்தே ஆராதனைக்கு வந்தார். எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். விண்ணப்ப ஜெப நேரத்தில் ஐயர், “சபையாரில் யாராவது வாய்விட்டு ஜெபிக்கலாம்” என்றார். வழக்கமாக அந்த இடம் எனக்குத்தான். எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து தடி தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

“பனவடலீ... சத்ரம்...”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைகள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் எழுந்து அவரிடம் போகப் பார்த்தேன். ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்தாள். நான் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண் மூடியிருந்தது. தலை குனிந்திருந்தது. கை காதில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

அவர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, “தேவர்குளம்...”

எனக்குப் பின்னால் ஒரு பெண், “ஆமென்” என்றாள். அவளுக்குத் தாய்வீடு தேவர்குளம்.

“மானூர்...”

“ஆமென்” என்றார்கள் நாலைந்து பேர்.

அப்புறம் சபைக்குப் புரிந்துவிட்டது. கழுகுமலை என்றார், ஆமென் என்றோம். கோவில்பட்டி என்றார், ஆமென் என்றோம். திருவேங்கடம் என்றவர் நின்று, மூச்சை இழுத்து, “பிள்ளைக... பள்ளிக்கூடம்” என்று சேர்த்தார். எந்த பஸ்ஸுக்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டாள். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. தென்காசிக்கு “ஆசுபத்திரி” என்றார். நாற்பது வருஷம் எந்தெந்த ஊருக்கு ஆள் ஏற்றி அனுப்பினாரோ, அந்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஆண்டவர் கையில் கொடுத்தார்.

கடைசியில் “ஜங்ஷன்” என்றார். மூன்று தடவை அல்ல, ஒரே தடவை, மெதுவாக.

ஐயர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. “ஆமென்” என்று மட்டும் சொன்னார். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய பெரிய ஜெபம் செய்திருக்கிறேன். அதைப் போல் ஒன்று செய்ததில்லை. இதை நானே சொல்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம்

வீட்டுக்கு வந்தும் எனக்குக் கால் தரையில் இல்லை. வழியெல்லாம் ஆட்கள் கையைப் பிடித்துப் பேசினார்கள். லெந்து ஆனதால் கறி இல்லை. முருங்கைக்காய் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். வைக்கும்போதும் நினைப்பு கோயிலிலேயே இருந்தது. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவர் இடது கைப் பக்கம் தட்டை வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன்.

ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன். காலையில் நடந்ததைப் பற்றி ராகம் போட்டு ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

“உப்பு இல்லட்டி.”

இழுவை இல்லை, தட்டு இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் பேசுகிற அதே பேச்சு.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? கோபம். என் குழம்பில் உப்பு இல்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னது கிடையாது. “என்னது, உப்பு இல்லையா?” என்று அவர் தட்டிலேயே விரலை வைத்து நக்கிப் பார்த்தேன்.

இல்லைதான். ஒரு கல் உப்புகூட இல்லை.

“ஏட்டி ஸ்டெல்லா!” என்று கத்தினேன். “ஓடி வா, ஒங்கப்பா என்னக் கொற சொல்லுதாக!”

ஸ்டெல்லா ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய் உப்பை எடுத்துவந்து குழம்பில் போட்டுக் கலக்கி, மறுபடி ஊற்றினேன். அவர் பிசைந்து தின்றார். தட்டு காலியானதும் குழம்புச் சட்டியைக் கையால் காட்டினார்.

“கையக் காட்டாதிய. வாயால கேளுங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் ஆனது. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

கேட்டார். ஊற்றினேன்.